சிறு விமானமும் பெருவிழிப்பும்

விண்ணில் பறக்கும் ஊர்திகள் பல வகைப்படும். நூற்றுக்கணக்கான மக்களை ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெருவிமானங்கள் ஒருபுறம் இருக்க, இருவர் அல்லது நால்வர் மட்டுமே அமரத்தக்க சிறு விமானங்களும் உலகெங்கும் பறந்து வருகின்றன. ஒரே ஓர் எஞ்சினும், அதனால் சுழலும் ஒரே ஒரு விசிறியும் உடைய இவ்வகை விமானங்கள் அமெரிக்க நாட்டில் மிகப் பல. பறக்கும் கலையைப் பயில்வோர் பெரும்பாலும் முதன்முதல் ஏறி அமர்வது இவ்விமானத்தில்தான். அலாஸ்காவின் பனிநிலச் சிற்றூர்களுக்கு அஞ்சலும் மருந்தும் கொண்டு செல்வதும், பரந்த வயல்களின்மீது தாழப் பறந்து பூச்சி மருந்து தெளிப்பதும் இத்தகைய விமானங்களே. இவற்றுள் பெரும்பெயர் பெற்றது ‘செஸ்னா 172’ என்பது. 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இவ்விமானம், இன்றுவரை 40,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டுள்ளது.

இத்தகைய விமானத்தை அண்ணாந்து நோக்கும் எவர்க்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. ‘இதற்கு இருப்பது ஒரே ஓர் எஞ்சின். நடுவானில் அது நின்றுவிடின், விமானம் எறிந்த கல்லைப் போல் நிலத்தில் வந்து விழாதோ?’ என்பதே அவ்வையம். ஐயம் இயல்பானதே; ஆனால் உண்மை வேறு. விமானத்தை வானில் தாங்கி நிற்பது எஞ்சின் அன்று; அதன் சிறகுகளே. எஞ்சின் விமானத்தை முன்னே இழுக்கிறது. முன்னே செல்லும் விரைவினால் சிறகுகளின்மீது காற்றுப் பாய்கிறது. அக்காற்றின் ஆற்றலே விமானத்தை மேலே தாங்குகிறது. எஞ்சின் நின்றபின் விமானி முகப்பைச் சற்றே தாழ்த்துவாராயின், மேட்டிலிருந்து மிதிக்காமலே இறங்கும் மிதிவண்டியைப் போல, விமானம் தன் எடையாலேயே விரைவு பெற்றுச் சறுக்கிச் செல்லும். செஸ்னா 172 ஓரடி தாழ்வதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே செல்ல வல்லது. ஆதலின், 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றாலும், ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிற்குள் ஒரு வயலையோ வெட்டவெளியையோ தேடி இறங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அங்ஙனமாயின், சிறு விமானங்கள் விபத்துக்கு உள்ளாவது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கென்றே பல நாடுகளில் ஆய்வாளர்கள் உள்ளனர். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டில் தோன்றிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இப்பணியைச் செய்து வருகின்றது. விமானம் விழுந்த இடத்திற்கு ஆய்வாளர்கள் செல்வர். சிதறிய துண்டுகளை ஒன்றுவிடாமல் நோக்குவர். விசிறி வளைந்துள்ள முறையைக் கொண்டு, விழும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என உணர்வர். அன்றைய வானிலைக் குறிப்புகளைத் திரட்டுவர். விமானி இறுதியாகப் பேசிய சொற்களைக் கேட்டறிவர். இவ்வாறு பல்லாண்டுகள் ஆய்ந்து அவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. சிறு விமான விபத்துகளில் பெரும்பகுதி, பொறி பழுதானதனால் நேர்ந்தவை அல்ல. அதனைச் செலுத்தியவரின் எண்ணத்திலும் செயலிலும் நேர்ந்த பிழையினால் விளைந்தவை.

தொடக்கக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், ரைட் உடன்பிறந்தாருள் ஒருவராகிய ஆர்வில் ரைட், வர்ஜீனியா மாநிலத்தின் மையர் கோட்டையில் தம் விமானத்தை அமெரிக்கப் படையினர்க்குப் பறத்திக் காட்டினார். அவருடன் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் படை அதிகாரியும் அமர்ந்திருந்தார். பறந்துகொண்டிருக்கும்போதே விசிறி ஒன்று பிளந்தது. அது சுக்கானைத் தாங்கிய கம்பியைத் தாக்கவே, விமானம் அடங்காமல் நிலத்தில் வீழ்ந்தது. ஆர்வில் பெருங்காயத்துடன் உயிர் தப்பினார், செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். எஞ்சின் பூட்டிய விமானத்தின் விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே. அன்று பிழை செய்தது பொறி. அதன்பின் மரமும் துணியும் போய் உலோகம் வந்தது; விசிறிகளும் எஞ்சின்களும் வலிமை பெற்றன; குறித்த காலந்தோறும் அவற்றைச் சோதிக்கும் முறைகளும் ஏற்பட்டன. பொறி திருந்திவிட்டது. அதனைச் செலுத்தும் மனிதரின் கண்ணும் செவியும் மனமும் மட்டும் அன்று இருந்தவாறே இன்றும் இருக்கின்றன. விபத்தின் காரணங்களை அங்கேதான் தேடுதல் வேண்டும்.

முதலாவது காரணம், சிறகுகள் தாங்கும் ஆற்றலை இழக்குமாறு விமானத்தைச் செலுத்துவதாகும். விமானத்தின் சிறகு காற்றைச் சற்றே சாய்ந்த நிலையில் எதிர்கொள்கிறது. அச்சாய்வு மிகுந்தால் தூக்கும் ஆற்றலும் மிகும். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. சாய்வு ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தவுடன், சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று, அதனை விட்டு விலகிச் சுழித்துச் சிதறும். அக்கணமே தூக்கும் ஆற்றல் பெரிதும் குறைந்து, விமானத்தின் முகப்புக் கீழ்நோக்கித் தாழும். இந்நிலையை விமானிகள் ‘ஸ்டால்’ என்பர். எஞ்சின் முழு ஆற்றலோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நேரக்கூடும். எஞ்சினே இல்லாத சறுக்கு விமானத்தில் ஏறத்தாழ 2,000 முறை பறந்து, பறக்கும் கலைக்கு வழிகாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ லிலியந்தால், 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இவ்வாறே ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார்.

ஸ்டால் உயரத்தில் நேருமாயின் பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை. கைப்பிடியை முன்னே தள்ளி முகப்பைத் தாழ்த்தினால், காற்று மீண்டும் சிறகைத் தழுவும். சில நூறு அடி உயரத்தை இழந்து விமானம் நிலைபெறும். பயிற்சியின்போது மாணவர்கள் இதனைப் பலமுறை செய்து பழகுவர். ஆனால் நிலத்தருகே நேருமாயின், இழப்பதற்கு உயரம் ஏது? மேலும், நிலம் எதிரே விரைந்து வருவதைக் காணும் மனிதர், கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுக்கவே விழைவர். அவ்வாறு இழுத்தால் சாய்வு மேலும் மிகுந்து கேடு முற்றும். உயிர் பிழைக்க வேண்டுமென்னும் துடிப்பே உயிருக்கு உலையாகும் இடம் இது.

இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கித் திரும்பும் வேளையே இதற்கு மிகவும் இடம் தருவது. அப்போது விமானம் தாழ்ந்தும் மெதுவாகவும் செல்கிறது. காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதால் ஓடுபாதையின் நேர்க்கோட்டைக் கடந்துவிட்ட விமானி, அதனை விரைவில் பிடித்துவிடக் கருதி விமானத்தை மிகுதியாகச் சாய்த்துத் திருப்புகிறார். சாய்ந்து திரும்பும் விமானத்தின் சிறகுகள் எடையை மட்டுமன்றித் திருப்பத்தின் சுமையையும் தாங்க வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் தன் எடையைப் போல் இருமடங்கு சுமையைத் தாங்குகிறது. நேராகச் செல்லும்போது மணிக்கு 50 மைல் விரைவில் ஸ்டால் அடையும் விமானம், அத்திருப்பத்தில் மணிக்கு 70 மைல் விரைவிலேயே அந்நிலையை எய்தும். இரு சிறகுகளுள் ஒன்று மட்டும் முதலில் ஆற்றல் இழக்குமாயின், விமானம் பம்பரம்போல் சுழன்று வீழும். நேர்க்கோட்டைத் தவறவிட்டவர் மீண்டும் மேலெழுந்து, ஒருமுறை சுற்றி வந்து இறங்கினால், அதனால் நேரும் இழப்புச் சில மணித்துளிகளே. அச்சில மணித்துளிகளைச் சேமிக்க முயன்று உயிரையே இழந்தோர் பலர்.

மேலெழுந்தவுடன் எஞ்சின் நின்றுவிடும் வேளையும் இத்தகையதே. நின்றவுடன் விட்டுவந்த ஓடுபாதைக்கே திரும்பிவிட வேண்டும் என்று மனம் ஏங்கும். ஆனால் சில நூறு அடி உயரத்தில் அத்திருப்பத்தை முடித்தற்கு இயலாது. எதிரே தோன்றும் இடத்தில் நேராக இறங்குவதே அறிவுடைமை. விமானம் உடையினும் உள்ளிருப்போர் பிழைக்கக்கூடும். உயரம் இல்லாத இடத்தில் எத்துணை வல்லவரும் எளியவரே என்பதை 1935ஆம் ஆண்டு நேர்ந்த விபத்து ஒன்று காட்டுகின்றது. தனியொருவராக உலகைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் என்று 1933ஆம் ஆண்டில் புகழ் பெற்றவர் வைலி போஸ்ட். அவர் இருவேறு விமானங்களின் பகுதிகளை இணைத்துத் தமக்கென ஒரு விமானம் அமைத்தார். நீரில் இறங்குவதற்காக மிதவைகளையும் அதில் பூட்டினார். அதனால் விமானம் முகப்புப் பாரம் உடையதாயிற்று. 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அலாஸ்காவின் பாரோ முனைக்கு அருகில் அது நீரிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றது. விமானம் தலைகீழாய் நீரில் பாய்ந்தது. அவரும், அவருடன் சென்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் வில் ராஜர்ஸும் உயிரிழந்தனர்.

இரண்டாவது காரணம், முகிலும் இருளும் சூழ்ந்த வானில், அதற்குரிய பயிற்சியின்றிப் புகுவதாகும். நிலத்தில் நிற்கும் மனிதர் கண்ணை மூடிக்கொண்டாலும் மேல் எது, கீழ் எது என்று அறிவர். வானில் அவ்வறிவு பயன்படாது. மனிதரின் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. உடல் திரும்பும்போது அந்நீர்மம் அசைந்து திருப்பத்தை உணர்த்துகிறது. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் நீர்மமும் குழலோடு ஒத்து ஓடத் தொடங்கும். அப்போது, திரும்பவே இல்லை, நேராகத்தான் செல்கிறோம் என்று செவி பொய்ச்சான்று கூறும். கண்ணுக்கு அடிவானம் தெரியுமாயின் இப்பொய் உடனே வெளிப்படும். முகிலினுள்ளோ அடிவானம் இல்லை. விமானம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருக்கும். விமானியோ நேராக இறங்குவதாக எண்ணிக் கைப்பிடியை இழுப்பார். வட்டம் இன்னும் இறுகும். விரைவு இன்னும் மிகும். முகிலைவிட்டு வெளிவரும்போது நிலம் மிக அருகில் இருக்கும்.

இவ்வுண்மையை அளந்தறிய, இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினர்; அதன் முடிவு 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை ஒவ்வொருவராக ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏற்றி, வெளியுலகம் தெரியாதவாறு மறைத்து, விமானத்தைச் செலுத்தச் சொன்னார்கள். ஆபத்து நேராமல் காக்க ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தார். இருபதின்மரும் விமானத்தின்மீது இருந்த ஆட்சியை இழந்தனர், ஒருவரும் தப்பவில்லை. சிலர் 20 நொடியிலேயே தடுமாறினர். நெடுநேரம் தாங்கியவர் 480 நொடி தாங்கினார். சராசரி 178 நொடி. அஃதாவது மூன்று மணித்துளிக்கும் குறைவு. அதே மாணவர்கள், கருவிகளை நம்பி மெல்லத் திரும்பி முகிலைவிட்டு வெளியேறும் முறையைச் சில மணி நேரம் பயின்றபின் செவ்வனே செய்து காட்டினர். ஆகவே, குறை அறிவில் இல்லை. புலன்கள் கூறுவதை நம்பலாகாத இடத்தில் நம்பியதிலேயே இருந்தது.

இச்சோதனை சொல்லிய பாடத்தை வாழ்வில் மெய்ப்பித்த நிகழ்ச்சிகள் பல. 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், நள்ளிரவு கடந்த ஒரு மணி அளவில், ஐயோவா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் பனி தூவும் இருளில் எழுந்தது. ஊர் ஊராகச் சென்று இசை நிகழ்ச்சி நடத்திவந்த பட்டி ஹாலி என்னும் இளம் பாடகரும், அவருடன் மேலும் இரு பாடகரும் அதில் இருந்தனர். குளிர் மிகுந்த பேருந்துப் பயணத்தைத் தவிர்க்கவே அவர்கள் விமானம் ஏறினர். விமானியோ இருபத்தொரு வயது இளைஞர்; கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் தகுதிச் சான்று பெறாதவர். வரவிருந்த கடும் வானிலையைப் பற்றிய எச்சரிக்கைகளும் அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. விமானத்தின் நிலையைக் காட்டும் கருவியோ, அவர் பழகிய கருவிக்கு எதிர்முறையில் காட்டும் வகையைச் சேர்ந்தது. எழுந்த சில மணித்துளிகளில் விமானம் வயலில் மோதியது. நால்வரும் மாண்டனர்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் அதே பாடம் மீண்டும் எழுதப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஜான், தம் மனைவியையும் அவருடைய தமக்கையையும் ஏற்றிக்கொண்டு தமது ஒற்றை எஞ்சின் விமானத்தில் கடலின்மேல் சென்றார். மழையும் இல்லை, புயலும் இல்லை. மெல்லிய மூடுபனியும் நிலவொளி குன்றிய இருளும் மட்டுமே இருந்தன. கடலும் வானும் ஒன்றாய்க் கலந்து அடிவானம் மறைந்தது. விமானம் மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்கு அருகில் கடலில் வீழ்ந்து, மூவரும் உயிரிழந்தனர். மீட்கப்பட்ட விமானத்தில் யாதொரு பழுதும் காணப்படவில்லை. திசையும் நிலையும் மயங்கியதனால் விமானி ஆட்சியை இழந்தார் என்பதே வாரியத்தின் முடிவு. கொடும்புயல்தான் கொல்லும் என்பதில்லை. அடிவானத்தை மறைக்கும் மெல்லிய பனித்திரையும் கொல்லும்.

மூன்றாவது காரணம் எரிபொருளைப் பற்றியது. பெட்ரோல் தீர்ந்துபோய் விமானம் விழுவதுண்டு என்றால், கேட்போர் வியப்பர். ஆயினும் அத்தகைய விபத்துகள் ஆண்டுதோறும் நேர்கின்றன. எதிர்க்காற்று வலுத்தால், நான்கு மணி நேரத்தில் முடியும் பயணம் ஐந்து மணி நேரம் ஆகும். அதற்கு ஏற்பப் பெட்ரோல் இருத்தல் வேண்டும். பகலில் கண்பார்வையால் பறப்போர், சேருமிடத்தை அடைந்தபின்னும் 30 மணித்துளி பறப்பதற்கும், இரவில் பறப்போர் 45 மணித்துளி பறப்பதற்கும் போதிய பெட்ரோலை மிச்சமாகக் கொள்ளல் வேண்டும் என்பது அமெரிக்க விதி. அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பாமல், சிறகின்மேல் உள்ள மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே முறை. சில விமானங்களில் ஒரு சிறகின் தொட்டி வற்றியபின் மறு தொட்டிக்கு மாற்றும் குமிழைத் திருப்ப வேண்டும். அதனை மறந்து, ஒரு தொட்டி நிறையப் பெட்ரோலோடு வயலில் இறங்கியோரும் உளர்.

பெட்ரோலில் நீர் கலந்திருத்தலும் கேடு விளைப்பதாகும். இரவில் குளிர்ந்த தொட்டியினுள் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலின் அடியில் தங்கும். காலையில் தொட்டியின் அடித்திறப்பிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், நீர் தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம். இச்சோதனைக்கு ஆகும் காலம் ஒரு மணித்துளி. மற்றொன்று கார்புரேட்டரில் படியும் பனிக்கட்டி. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு. அங்கே பெட்ரோல் ஆவியாகும்போது காற்று மிகவும் குளிர்கிறது. அதனால், வெளியே 20 பாகை செல்சியசு வெப்பம் இருக்கும் ஈரமான நாளிலும் அதனுள் பனிக்கட்டி உண்டாகி, காற்று வரும் வழியை அடைத்துவிடும். இதனைப் போக்க, சூடான காற்றை உட்செலுத்தும் குமிழ் ஒன்று விமானியின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. வேண்டுவது, அதனை உரிய காலத்தில் நினைத்தல் ஒன்றே.

நான்காவது காரணம் மறதி. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஓகியோ மாநிலத்து ரைட் களத்தில், போயிங் நிறுவனத்தார் புதிதாகச் செய்த நான்கு எஞ்சின் விமானம் ஒன்று மேலெழுந்தவுடன் வீழ்ந்தது. நிற்கும்போது காற்றில் ஆடாதிருக்க வால்பலகைக்கு இடப்பட்ட பூட்டைத் திறக்க மறந்ததே காரணம். செலுத்தியவர் திறமையில் குறைந்தவர் அல்லர், தேர்ந்த படைவிமானி. எனவே, நினைவாற்றலை நம்பாமல், செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் முறையை விமானிகள் கைக்கொண்டனர். பெருவிமானத்தில் பிறந்த அம்முறை இன்று சிறு விமானத்திலும் நிலைத்துவிட்டது. அங்கும் அத்தகைய பூட்டு உண்டு. அதனைத் திறக்க மறப்போரும் உண்டு. ஆயிரம் முறை பறந்தவரும் ஆயிரத்தோராம் முறை பட்டியலைப் படித்தே எழுதல் வேண்டும். ‘எனக்குத் தெரியாததா?’ என்னும் எண்ணம் தோன்றும் நாளே பட்டியல் மிகவும் தேவைப்படும் நாள்.

ஐந்தாவது காரணம், விமானம் தாங்கத்தக்க அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதலும், காற்றின் தன்மையைக் கருதாமையும் ஆகும். மேடான இடங்களிலும், வெப்பம் மிகுந்த நாள்களிலும் காற்று அடர்த்தி குறைந்து காணப்படும். அத்தகைய காற்றில் எஞ்சினின் ஆற்றல் குறையும். விசிறியின் இழுவை குறையும். சிறகின் தாங்கும் வலிமையும் குறையும். கடலோரத்தில் எளிதாக எழுந்த விமானம், மலைநாட்டில் நெடுந்தூரம் ஓடியே எழும். எழுந்தபின்னும் மெதுவாகவே ஏறும். அதன்மேல் பாரமும் கூடினால் நிலைமை எத்தகையதாகும்!

மேற்கூறிய காரணங்களுள் பல ஒன்றுசேர்ந்த துயர நிகழ்ச்சி ஒன்று 1996ஆம் ஆண்டில் நடந்தது. ஜெசிக்கா டூப்ராஃப் என்பவள் ஏழு வயதுச் சிறுமி. அமெரிக்க நாட்டின் மேலைக்கரையிலிருந்து கீழைக்கரைக்கு விமானம் செலுத்திச் சென்றாள் என்னும் புகழை அவள் பெறவேண்டும் என்று பயணம் வகுக்கப்பட்டது. தந்தையும் பயிற்சி ஆசிரியரும் உடன் சென்றனர். சட்டப்படி விமானத்திற்குப் பொறுப்பாளர் அவ்வாசிரியரே. போகும் ஊர்தோறும் செய்தியாளர் காத்திருந்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் அச்சிறுமியைப் பேட்டி கண்டன. ஏப்ரல் 10ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டவர்கள், அன்றிரவு வயோமிங் மாநிலத்து ஷையன் நகரில் தங்கினர்.

ஷையன் கடல் மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. மறுநாள் காலை அந்நகரின்மீது இடிமுகில் திரண்டு வந்தது. மழை பெய்தது, காற்றும் சுழன்றடித்தது. விமானத்தின் பாரமோ, ஏற்றத்தக்க அளவினும் 96 பவுண்டு மிகுந்திருந்தது. சிறிது நேரம் காத்திருந்தால் இடிமுகில் கடந்துபோயிருக்கும். ஆனால் குறித்த நேரத்தில் அடுத்த ஊரை அடைதல் வேண்டும் என்னும் எண்ணம் முன்னின்றது. விமானம் மழையினூடே எழுந்தது, மெல்ல ஏறியது, திரும்பியது, விரைவு குன்றி ஸ்டால் அடைந்து, வீடுகள் நிறைந்த தெருவில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர். விமானத்தை அப்போது செலுத்தியவர் ஆசிரியரே என்றும், கெட்டுவரும் வானிலையில் புறப்படத் துணிந்ததே பிழை என்றும் வாரியம் முடிவு கூறியது. பயணத்திட்டத்தைத் தவறாமல் நிறைவேற்றும் விருப்பமும், செய்தியாளர்க்கு அளித்திருந்த வாக்கும் அத்துணிவுக்குத் துணையாயின என்றும் அது குறித்தது. அவ்வாண்டிலேயே, உரிமம் பெறாதவர் விமானத்தில் சாதனை நாட்டும் பொருட்டுக் கைப்பிடியைத் தொடலாகாது என்று அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பாரம் மட்டும் மிகுந்து, வானம் தெளிந்திருந்தால், விமானம் மெதுவாகவேனும் ஏறியிருக்கக்கூடும். இடிமுகில் இருந்தும், பயணத்தை ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் ஏதும் நேர்ந்திராது. விபத்து என்பது வானிலிருந்து திடீரென வந்து விழும் இடி அன்று. சிறு சிறு கண்ணிகளால் ஆகிய சங்கிலி. கண்ணிகளுள் யாதேனும் ஒன்றை அறுத்தால் சங்கிலி முழுதும் அறும். பெட்ரோலைக் கண்ணால் பார்த்தல் ஒரு கண்ணியை அறுத்தலாகும். மூட்டை ஒன்றை இறக்கி வைத்தல் ஒரு கண்ணியை அறுத்தலாகும். முகிலைக் கண்டு திரும்பிவிடுதல் ஒரு கண்ணியை அறுத்தலாகும். இவற்றுள் எதுவும் அரிய வித்தை அன்று. பயிலும் மாணவரும் செய்யத்தக்கதே.

அங்ஙனமாயின், தேர்ந்தவரும் அதனைச் செய்யாது விடுவது ஏன்? காத்திருப்போர் ஏமாறுவரே என்னும் கூச்சம், தம் திறமையைப் பிறர் ஐயுறுவரோ என்னும் அச்சம், வீடு சேரவேண்டும் என்னும் ஆவல் ஆகிய இவையே கையைத் தடுக்கின்றன. அவற்றை வெல்வதற்குக் கைத்திறன் போதாது; மனத்திண்மை வேண்டும். விமானத்தை மேலே எழுப்பும் துணிவை எல்லோரும் போற்றுவர். ‘இன்று புறப்பட வேண்டா’ என்று கூறி அதனைக் கொட்டகையிலேயே நிறுத்தும் துணிவைப் போற்றுவோர் சிலரே. அவ்விரண்டாம் துணிவால் காக்கப்பட்ட உயிர்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது; ஏனெனில், நேராத விபத்தைப் பற்றி எந்த ஆய்வாளரும் அறிக்கை எழுதுவதில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வானில் பறக்கும் சிலர்க்கு மட்டும் உரிய மொழி அன்று அது. சாலையில் மிதிவண்டி செலுத்தும் சிறுவர்க்கும், ஆற்றில் ஓடம் விடுவோர்க்கும், ஆலையில் பொறி இயக்குவோர்க்கும் அது பொருந்தும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் ஒன்றுதான். ஆனால் அதனைக் காக்கும் காவல் ஒன்றன்று. புறப்படுமுன் காணும் கண்ணும், மறவாது படிக்கும் நாவும், எல்லையறிந்து நிற்கும் மனமும் அதற்குக் காவலாகும். அக்காவல் விழித்திருக்கும் வரையில் சிறு விமானமும் சிறந்த ஊர்தியே.